பார்வையாளர் உண்டா?

அந்த ஊர் நகராட்சிக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், கதவோரம் நிற்கும் பியூனைப் பார்த்து, "பார்வையாளர் உண்டா?" என்று கேட்பார். "இல்லை" என்று பதில் வந்தால் கதவைத் தாழ் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு எந்தத் தீர்மானம் வந்தாலும், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று ஒரு கேள்வி; நாலு தலை ஆடும்; காரியம் முடிந்தது. "உண்டு" என்று பதில் வந்தாலோ கதை வேறு. கதவு திறந்தே இருக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

ஆறு வருஷமாக அந்த "உண்டு" ஒரே ஆளைத்தான் குறித்தது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த பெண். ஊர் அவளுக்கு வைத்த பெயர் பெஞ்சக்கா.

அவள் முதன்முதலில் அங்கே போனது நாட்டைத் திருத்த அல்ல. கடை வாசலில் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனாள். "அந்த பெஞ்சுல உக்காரும்மா" என்றார்கள். உட்கார்ந்தாள். கூட்டம் முடியும்வரை யாரும் கூப்பிடவில்லை. பார்வையாளர் பேசக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் பெஞ்சுக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே தையல் மிஷினோடு வெந்துகொண்டிருந்தவளுக்கு அந்தக் காற்று சொர்க்கமாக இருந்தது. அடுத்த மாதம் பொத்தான் வைக்கவேண்டிய சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு மறுபடி போனாள். கை பொத்தான் வைத்தது. காது சும்மா இருக்குமா?

கூட்டம் முடிந்து கடைக்கு வந்தால் ஆட்கள் கேட்பார்கள். "என்னக்கா, நம்ம தெருக் குழாய் பத்திப் பேசினாங்களா?" அளவெடுக்கும்போது மனிதர்கள் அசையாமல் நிற்பார்கள், சேதி சொல்ல அதைவிட வசதி ஏது? யார் எழுந்து எதைச் சொன்னார் என்பதை அப்படியே சொல்வாள். கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். ஒரு விரல் கூடினால்கூடச் சட்டை தொளதொளத்துவிடும் என்று பழகிய கை அவளுடையது, நாக்கும் அப்படியே. மாலைக்குள் சேதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். உறுப்பினர்கள் அவளைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிப்பு கண்ணுக்கு எட்டாது.

அவளுடைய நாத்தனார் மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். அவளுக்கு மட்டும் இந்த பெஞ்சு கேலிதான். "உக்காந்து உக்காந்து என்ன கண்டீங்க அண்ணி? ஒரு லைட்டு எரிஞ்சுதா? முதுகுவலிதான் மிச்சம்."

அப்படிச் சொன்னவளே போன மாதம் தையல் கடைக்கு ஓடிவந்தாள். கூட்டத்தின் கடைசியில் தலைவர் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தார்: மார்க்கெட்டில் இருக்கும் பெண்கள் கழிப்பறையை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் போடலாம், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கழிப்பறை கட்டி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மார்க்கெட்டில் உட்காரும் பெண்கள் காலையிலிருந்து மாலைவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் பாட்டிலைத் தொடமாட்டார்கள். நாத்தனார் அதில்தான் ஒருமுறை மயங்கி, தக்காளிக் கூடைமேல் விழுந்து, ஆஸ்பத்திரிவரை போய்வந்தாள்.

"இடிக்க விட்றாதீங்க அண்ணி" என்றாள் இப்போது.

"நான் அங்க பேசக்கூடாதுடி."

"பேச வேணாம். உக்காருங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு எவன் வேணும்னு சொல்றான்னு பாக்கலாம்."

கூட்டம் எப்போதும் பிற்பகல் மூன்று மணிக்கு. அன்று காலை பெஞ்சக்கா நிதானமாகத்தான் இருந்தாள். கடையில் நகராட்சித் தலைவரின் மனைவி, ஊர் வழக்கில் தலைவரம்மா, புதுச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்கு மாலை கிளம்ப வேண்டும். சட்டைக்கு வலது கை தைத்தாகிவிட்டது. இடது கையைக் குண்டூசி குத்தி நிறுத்தலாம் என்று பெஞ்சக்கா துணியைக் கையில் எடுத்த நேரம், டீக்கடைக்காரர் தூக்குப்பாத்திரத்தோடு வாசலைக் கடந்தார். நாலடி போனவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பெஞ்சக்கா, நீ இன்னும் கிளம்பலையா?"

"எங்க?"

"மீட்டிங்குக்குத்தான். ஆபீஸ் மாடிக்கு மொத்தமா டீ சொல்லியிருக்காங்க. இந்நேரம் எல்லாரும் வந்திருப்பாங்களே."

பெஞ்சக்காவின் வாயில் நாலு குண்டூசி இருந்தது. அதைத் துப்பினாளா, எடுத்தாளா என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. நேற்று மாலை ஆபீஸ் பூட்டும் நேரத்தில் பலகையில் நேரத்தை மாற்றி ஒட்டிவிட்டார்கள். விதிப்படி ஒருநாள் முன்னால் ஒட்டியாகிவிட்டது. அதைப் படிக்க அங்கே ஈ காக்கை இல்லை என்பது விதியில் வராதே! ஆனால் டீயில்லாமல் கூட்டம் நடத்த அவர்களால் முடியவில்லை. டீக்கடைக்குத் தெரிந்தபின் அது என்ன ரகசியம்?

ஓடினாள். கழுத்தில் அளவு நாடா, ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் தலைவரம்மாவின் இடது கைத் துணி.

"ஏய், என் கையை எடுத்துக்கிட்டு எங்க ஓடுற!" என்று ஒரு கை வைத்த சட்டையோடு தலைவரம்மா பின்னால் ஓடிவந்தார். கடைத்தெரு அப்படியே நின்று பார்த்தது. தையல்காரி கத்தரிக்கோலோடு முன்னால், தலைவர் மனைவி அரைச் சட்டையோடு பின்னால் என்றால் எந்த ஊர்தான் தன் வேலையைப் பார்க்கும்? பழக்கடைக்காரி எழுந்தாள். மீன்காரி கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி எதுக்கு ஓடுறாங்க?" என்று நாத்தனார் கூடையைத் தாண்டிக் குதித்தாள்.

"அங்க என்னடி அப்படி?" ஆபீஸ் வாசலில் தலைவரம்மா மூச்சுவாங்கினார்.

"லேடீஸ் கழிப்பறையை இடிக்கப் போறாங்கம்மா. கதவைச் சாத்திட்டா அவ்வளவுதான்."

"மார்க்கெட்ல இருக்கிறதா? நான் காய் வாங்கப் போனா அதுதானே எனக்கும்! என்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விட்டாரா அந்த மனுஷன்?"

மாடிப்படியில் ஏறிய பெஞ்சக்காவுக்கு, அன்று கேட்கும் முன்பே தாழிட்டுவிட்ட கதவுக்குப் பின்னாலிருந்து தலைவரின் குரல் கேட்டது.

"பார்வையாளர் உண்டா?"

இன்னும் பாதிப் படி பாக்கி. வாயைத் திறந்தாள்; மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்த நொடியில், உள்ளேயிருந்து பியூனின் குரல் கணீரென்று வந்தது.

"உண்டு!"

தலைவரின் நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது.

"யாருய்யா உண்டு? பெஞ்சு காலியா கெடக்கு?"

"ஐயோ சார்! ஆறு வருஷமா அதையே சொல்லி வாய் பழகிப்போச்சு சார். தானா வந்துருச்சு."

"சரி, இல்லைன்னு மாத்திச் சொல்லு."

"எப்படி சார் மாத்துறது? நான் எழுதிட்டேனே." இது குறிப்பெழுதும் அம்மாளின் குரல். "உண்டுன்னு பதிவாயிடுச்சு. கதவைத் திறக்கச் சொல்லுங்க. ஆளு இருந்தாத்தானே நான் எழுதினது பொய்யாகாது?"

தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்த பியூன் எதிரே நின்றவளைப் பார்த்ததும் போன உயிர் வந்தவன்போல, "பாத்தீங்களா சார்! உண்டு சார்! உண்டு!" என்று கத்தினான்.

பெஞ்சக்கா உள்ளே போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தலைவரம்மா உட்கார்ந்தார். தலைவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல!

"நீ எதுக்கு இங்க வந்த?"

"ஏங்க..."

"சபையில நான் 'ஏங்க' இல்ல. தலைவர். பார்வையாளர் பேசக்கூடாது."

"நான் பேசலை தலைவரே. வீட்ல பேசிக்கிறேன்."

உறுப்பினர்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தீர்மானம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். வேண்டும், இடிக்கலாம். வேண்டும். வேண்டும். பெஞ்சக்கா மடியில் இருந்த கைத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நாலாவதாக மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கழிப்பறைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் அவர்தான். வெட்டிய கத்தரிக்கோல் பெஞ்சக்காவின் கடையிலிருந்து இரவல் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அவர் வாயெடுக்கும்போது பெஞ்சைப் பார்த்தார். அவள் கையிலிருந்த வேறு கத்தரிக்கோலையும் பார்த்தார்.

"நான்... வேண்டாம். இடிக்க வேண்டாம்."

அதன்பிறகு காற்று திசைமாறியது. ஒரு வேண்டாம், ஒரு வேண்டும், அடுத்து ஒரு வேண்டாம். கடைசி உறுப்பினர் எழுந்தபோது படியில் திமுதிமுவென்று சத்தம். பழக்கடைக்காரி, மீன்காரி, நாத்தனார், அவர்களுக்குப் பின்னால் மார்க்கெட்டே திரண்டு வந்ததுபோல் பெண்கள். பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்வாசம் மட்டும் வந்தது. கடைசி உறுப்பினர் அவர்களைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க, எழுதணும்" என்றாள் குறிப்பெழுதும் அம்மாள்.

"வேண்டாம்!"

சரிபாதி. இனித் தலைவர் வாக்குத்தான். அவர் உறுப்பினர்களைப் பார்த்தார், சுவரோரம் பார்த்தார், கடைசியில் ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இடிக்க வேண்டாம். வண்டிக்கு வேற இடம் பாக்கலாம்."

கைதட்டவும் கூடாது என்பது விதி. அதனால் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். படியிறங்கும்வரைதான் அந்த அடக்கம். கீழே போனதும் நாத்தனார் போட்ட கூச்சலில் ஆபீஸ் ஜன்னலிலிருந்த புறாக்கள் பறந்தன. "அண்ணி! உங்க முதுகுவலிக்கு நான் தைலம் வாங்கித் தர்றேன்!"

தலைவரம்மா சட்டையை முடித்துக்கொண்டு சரியான நேரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார். வீட்டில் என்ன பேசினார் என்பது பதிவாகவில்லை. இரண்டாம் நாள் மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் சுற்றிய கத்தரிக்கோலைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதக் கூட்டம் பழையபடி மூன்று மணிக்கு. அவசர வேலை ஒன்றை முடித்துவிட்டு பெஞ்சக்கா கொஞ்சம் தாமதமாகப் படியேறினாள். "பார்வையாளர் உண்டா?" என்று தலைவர் கேட்பதும், பியூன் வாய் திறக்கும் முன்னால் ஏழெட்டுப் பெண் குரல்கள் "உண்டு!" என்பதும் கேட்டது. உள்ளே போனாள். மின்விசிறிக்கு அடியில், அவள் இடத்தில், நாத்தனார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கிற எண்ணமே இல்லை.

"சீக்கிரம் வரணும் அண்ணி" என்று கிசுகிசுத்தாள். "லேட்டா வந்தா நிக்கத்தான் வேணும்."

பெஞ்சக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள், ஊசியில் நூல் கோத்தாள். சிரிப்பு வந்தது, கூட்டத்தில் சிரிக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பதால் சிரித்துக்கொண்டே முதல் பொத்தானை வைத்தாள்.