நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று நினைத்தோம்

பூனைக் கழிவாலும் வேகாத இறைச்சியாலும் பரவும் டாக்ஸோபிளாஸ்மா தொற்று எனக்கு இருக்கிறதா என்று பார்க்க, கர்ப்பமான நாலாவது மாதத்தில் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உடனே என் கணவர், வீட்டுப் பூனையைப் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவில் விட்டுவிடுவதாகக் குதித்தார்.

"பூனை மேல கை வெச்சா நானும் அதே படகுல போயிடுவேன்" என்றேன்.

முடிவு நெகட்டிவ். "ஒண்ணுமில்லக்கா, இஷ்டம்போல சாப்பிடுங்க" என்றான் லேப்காரன். அவன் நாக்கில் சூடு வைக்க வேண்டும். கணவர் மகிழ்ச்சியில் வெத்தாச்சின் வாங்கித் தந்தார். வேகவைக்காமல் சோறு சேர்த்துப் புளிக்க வைத்த பன்றி இறைச்சி அது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று பொட்டலத்தோடே டாக்டரைப் பார்க்கப் போனோம்.

டாக்டர் மூக்கைச் சுளித்தார். "பையில வெத்தாச்சினா?"

"ஆமா சயாமா. நெகட்டிவ்தானே?" என்றேன். பெண் டாக்டரை எங்கள் ஊரில் சயாமா என்றுதான் அழைப்போம்.

"நெகட்டிவ்னா அது உனக்கு இதுவரைக்கும் வரலைன்னு அர்த்தம். உடம்புல எதிர்ப்பு இல்ல. இப்பப் புதுசா வந்தா பிள்ளைக்கும் போகலாம். எப்பவோ வந்து போனவளுக்குக்கூட இவ்வளவு பயமில்ல. அந்தப் பொட்டலத்தைத் தொடாத."

பிறகு கணவரிடம் திரும்பினார். "பூனை இருக்கட்டும். கழிவை தினமும் நீ அள்ளு."

மறுபடி எடுத்த ரத்தத்திலும் தொற்று இல்லை. மகள் நலமாகப் பிறந்தாள்.

இப்போது இறைச்சி நன்றாக வெந்தால்தான் தொடுவேன். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரையை, பூனைக் கழிவு கலந்திருக்கக்கூடிய மண் போகக் கழுவாமல் பிசைய மாட்டேன். எந்தப் பரிசோதனை முடிவுக்கும் அர்த்தத்தை டாக்டரிடம்தான் கேட்பேன். அன்று அந்தப் பொட்டலத்தை மோப்பம் பிடித்த மூக்குக்குத் தினமும் ஒரு கும்பிடு போடுகிறேன்.