பாக்கெட்டோடு படைத்த சத்துமாவு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஆகிறது. மகளுடைய பழைய நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். வெட்கம் வந்துவிடும். தாளைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். நான் எட்டாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, கிழிப்பதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ரோட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள் எங்கள் மகள். வயிற்றில் இருக்கும்போதே அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்: "இந்தப் புள்ளைக்குன்னு வீட்டுக்குள்ள எது வந்தாலும் முதல்ல உனக்குத்தான் தாயே." அம்மன் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். நான் வாக்கைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன்.

மகளுக்கு ஒன்றரை வயது. பால்வாடியில் பிள்ளைக்கு வாரம் ஒரு சத்துமாவு பாக்கெட் கொடுப்பார்கள். பிள்ளைக்கு தினமும் கொஞ்சம் கஞ்சியாகவோ உருண்டையாகவோ கொடுக்க வேண்டியது. எனக்கு அதில் ஒரு சிக்கல். பாக்கெட்டைப் பிரித்து மகளுக்கு ஒரு கை எடுத்துவிட்டால் மீதி எச்சில். எச்சிலை அம்மனுக்கு எப்படி வைப்பது? அதனால் வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட்டை முழுசாகப் பிரித்து, வெல்லமும் நெய்யும் போட்டு உருண்டை பிடித்துப் படைத்துவிடுவேன். படைத்ததை மறுநாளைக்கு வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. விளக்கு மலையேறுவதற்குள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துத் தட்டைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மகளுக்கு ஓர் உருண்டை. அதிலும் பாதியைத் தரையில் உருட்டி விளையாடுவாள். பாக்கெட் தீர்ந்துவிட்டால் அவளுக்கு ரசம் சாதமும் டீயில் நனைத்த பிஸ்கட்டும்தான்.

வெள்ளிக்கிழமையானால் எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் ஆளாக நிற்பது பக்கத்து வீட்டு இரட்டைப் பெண்கள். மகளைவிட நாலு மாசம் மூத்தவர்கள். ஒரு கையில் வாங்கியதை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையை நீட்டும் கெட்டிக்காரிகள். அவர்கள் அம்மா பெங்களூரு பக்கத்துக் கன்னடக்காரி. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். மனசில் கல்மிஷம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது.

மாசா மாசம் பால்வாடியில் எடை போடுவார்கள். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். எங்கள் மகள் அதில் காலை ஆட்டி ஊஞ்சல் ஆடுவாள். முள்தான் மேலே ஏறாது. நின்ற இடத்திலேயே நிற்கும். அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்டிருக்கும். இவள் மூன்று மாசமாக மஞ்சளிலேயே குடியிருந்தாள்.

டீச்சர் என்னைவிடச் சின்னவர். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "அக்கா, மாவு குடுக்கறீங்களா?"

"ஒரு பொட்டு வீணாக்கறதில்ல டீச்சர். பாக்கெட் காலி."

பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

"அடுத்த மாசமும் ஏறலைன்னா கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன்க்கா. ரெண்டு வாரம் பாப்பாவோட அங்கயே தங்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க, இப்ப விட்டா வளர்த்தி நின்னுடும்."

மகளைத் தொட்டிலிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அதே நேரம் டீச்சர் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ரெண்டும் பச்சைக்கு வந்துடுச்சு! இப்படித்தான் குடுக்கணும்."

வெளியே வந்ததும் அவள் என் காதைக் கடித்தாள். "அக்கா, நான் எங்க அந்த மாவு குடுத்தேன்? மாட்டுக்குல்ல போடறேன்! பால்வாடி மாவுல இன்னா சத்து இருக்குது? இந்த டீச்சர் நல்ல மாவை எடுத்துக்கினு தவிடு கலந்து தராங்கோ. நீ மடச்சி மாதிரி அதைப் போய் நம்பிக்கினு இருக்கறே."

நான் "இருக்கும், இருக்கும்" என்று தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்குத்தான் இத்தனை வருஷமாக வெட்கப்படுகிறேன்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரர், "இப்ப இன்னா பண்ணலாங்கற?" என்று கேட்டார்.

"அம்மனுக்கு இன்னும் ரெண்டு பாக்கெட் சேர்த்துப் படைக்கறேன்னு வேண்டிக்கினேன்."

"ரெண்டு பாக்கெட்டுக்கு எங்க போவ?"

"பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போறதை வாங்கிக்கறேன்."

மனுஷன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "மாடு ஒத்துக்குமா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பாக்கெட் மாவையும் உருண்டை பிடித்தேன். தெருவே திரண்டது. நான் தட்டோடு நிற்கிறேன், பிள்ளைகள் கத்துகிறார்கள், அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வருகிறார். எடை ஏறாத பிள்ளையை வீட்டில் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். நல்ல நாளில் வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம். குங்குமம் கொடுத்து இரண்டு உருண்டையைக் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். மெல்வது நின்றுவிட்டது.

"அக்கா, இது எந்த மாவு?"

"நீங்க குடுத்ததுதான் டீச்சர்!" பெருமையாகச் சொன்னேன்.

டீச்சர் வாசலைப் பார்த்தார். இரட்டைகள் இரண்டு கையிலும் உருண்டையோடு நிற்கிறார்கள், கன்னம் பன் மாதிரி. அப்புறம் என் இடுப்பைப் பார்த்தார். அங்கே என் மகள் புடவை முந்தியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

"வாரா வாரம் இப்படித்தானா?"

"ஆமா டீச்சர். ஒரு வாரம்கூடத் தவறினதில்ல."

டீச்சர் கீழே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "தெருவையே பச்சைக்குக் கொண்டாந்துட்டீங்கக்கா. உங்க பொண்ணை மட்டும் விட்டுட்டீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாக்கு? எச்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அவரும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுபவர்தான்.

"பிரிக்காத பாக்கெட்டை அப்படியே வெச்சுப் படைங்க. அம்மன் பார்த்துட்டா உள்ள இருக்கறது பூரா பிரசாதம்தானே? பாப்பா தினமும் பிரசாதம் சாப்பிடட்டும்."

"பிரசாதத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாதே!"

"இந்தக் குங்குமம் கோயில் பிரசாதமா?"

"ஆமா."

"எப்ப வாங்கினது?"

ஆடி மாசம் வாங்கியது. அப்போது தை நடந்துகொண்டிருந்தது. குங்குமச் சிமிழை மூடி வைத்தேன்.

அடுத்த பாக்கெட் வந்ததும் பிரிக்காமல் அம்மன் முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினேன். வீட்டுக்காரர் பின்னால் நின்று, "ஆயுத பூஜைக்கு மிஷினுக்குக் காட்டற மாதிரி இருக்குது" என்றார். தெருப் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தேன். இரட்டைகள் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே குரலில் அழுதார்கள். "மாட்டுக்குப் போடறதை இவங்களுக்குப் போடு" என்று அவர்கள் அம்மாவிடம் சொன்னேன். முறைத்துக்கொண்டே போனாள். ஆனால் போட்டாள்.

மகளும் லேசில் மசியவில்லை. கஞ்சியை ஒரு வாய் அவள் குடிக்க, ஒரு வாய் மரப்பாச்சிக்கு ஊட்டுவாள். காலையும் சாயந்தரமும் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரசாதம்டி கண்ணு, பொம்மைக்குத் தரக் கூடாது" என்று கெஞ்சுவேன். பிஸ்கட்டை நிறுத்தினேன். ரசம் சாதம் பருப்புச் சாதமானது.

எடை போடும் நாள் வந்தது. தொட்டிலில் வைத்ததும் வழக்கம்போலக் காலை ஆட்டினாள். முள் ஆடி ஆடி நிற்கிறவரைக்கும் நான் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு இழுத்தார். கோடு மேலே ஏறியது. "இன்னும் மஞ்சள்தான்க்கா. ஆனா ஏற ஆரம்பிச்சுட்டா. ஆஸ்பத்திரி வேணாம், இப்படியே விடாம குடுங்க." மாம்பழக் காலம் வருவதற்குள் பச்சைக்கு வந்துவிட்டாள். இப்போது மூன்றாவது படிக்கிறாள், ஓட்டத்தில் அந்த இரட்டைகளை முந்துகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் ஊரெல்லாம், "டீச்சர் பயந்துக்கினு நல்ல மாவு தர ஆரம்பிச்சாங்கோ, அதான் ஏறிச்சு" என்று சொல்லிவிட்டாள். நான் அப்போதும் சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால் நான்தான் மடச்சி என்று ஆகிவிடுமே. அந்தப் பேச்சோடுதான் டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்றும் மகள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்.

அதனால் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்கள் ஊர்ப் பால்வாடியிலும் கோயிலிலும் குழாயடியிலும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்றிவிடாதீர்கள். மாவு நல்ல மாவு. டீச்சர் நல்லவர். அம்மனும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டுப் பெற்ற பிள்ளையை விட்டவள் நான்தான். அந்த இடத்தை யாரும் எனக்காகப் பூசி மெழுக வேண்டாம், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.