மடக்கிய முழங்கையும் என் தம்பி ராஜமணியும்

இளம்பிள்ளைவாதத்தில் வலக்கால் சூம்பியும் என் தம்பி ராஜமணி நடந்தான். நொண்டிக்கு ஆஸ்பத்திரியில் என்ன ஜோலி என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியும், மூன்றாம் தடவை ஆபரேஷன் அறையில் கைகால் பிடிக்கும் வேலையை வாங்கினான். பெரிய டாக்டரைத் தன் பேச்சைக் கேட்கவைத்தான். ஆபரேஷன் புத்தகத்தில் ஒரு வரி சேரவைத்தான். அவன் பள்ளிக்கூடமே போகாதவன். மூன்றாம் வகுப்போடு நின்ற நான், அவன் அக்கா, இதைத் தேதி பிசகாமல் எழுதுகிறேன்.

முழங்கையின் உள்பக்கம் துருத்தும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அதில் ஒரு நரம்பு ஓடுகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீர் என்பது அதுதான். பலருக்கும் அது பள்ளத்திலேயே கிடக்கும். சிலருக்குக் கையை மடக்கினால் எலும்பைத் தாண்டி முன்னால் வந்துவிடும், நீட்டினால் திரும்பிப் போகும். எனக்கு அப்படித்தான், என் கையில்தான் தம்பி அதைக் காட்டினான். மயக்கத்தில் கிடப்பவர்களின் கையை மணிக்கணக்கில் பிடித்த அவன் கட்டைவிரலுக்கு அது தெரிந்திருந்தது. நீட்டிய கையில் வெட்டவேண்டிய இடத்துக்குக் கோடு போட்டு, மடக்கிய கையில் கத்தி வைக்கும் டாக்டருக்குத் தெரியவில்லை.

1926இல், சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டும் நெல்லையப்பன் முழங்கை எலும்பு உடைந்து வந்தார். கையை மடக்கியதும் நரம்பு நழுவிக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதைத் தம்பி சொன்னான்.

“எடா, நீ என்ன வர்ம ஆசானா? பிடிக்கதுதான் உன் ஜோலி,” என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் அதே கோட்டில் கத்தி வைத்தார். நெல்லையப்பனின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்து வளைந்துபோயின. நாரை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. விழுந்தபோதே நரம்பு போயிருக்கும் என்று டாக்டர் முடித்துவிட்டார். ஆபரேஷன் அன்று காலையில் நெல்லையப்பன் அதே விரல்களை விரித்து மடக்கியதைத் தம்பி பார்த்திருந்தான். எந்தத் தாளிலும் அது இல்லை.

பதினோரு வருஷம் கழித்து, வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் சொர்ணம்மாள் வந்தாள். அதே முறிவு, அதே டாக்டர், அதே கோடு. இந்தத் தடவை தம்பி அவள் கையை நீட்டியபடியே பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீங்க அந்தப் பள்ளத்துல விரல் வச்சா மடக்குதேன் ஸார். இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிடுங்க.”

வேலை போயிருக்கும். டாக்டர் விரல் வைத்தார். தம்பி மடக்கினான். டாக்டரின் விரலுக்கடியில் நரம்பு நழுவி முன்னால் வந்தது. அவர் கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டார். முதலில் நரம்பைத் தேடி ஒதுக்கிவிட்டுத்தான் எலும்பைத் தொட்டார். சொர்ணம்மாள் மறுபடி கொழுந்து கிள்ளப் போனாள்.

இனி ஒவ்வொரு முழங்கை ஆபரேஷனுக்கும் முன்பே விரல்களில் உணர்ச்சி பார்க்கவேண்டும், கையை மடக்கி நரம்பைத் தொட்டுப் பார்க்கவேண்டும், தொட்டவர் ஆபரேஷன் புத்தகத்தில் அதற்கென்று சேர்த்த வரியில் தன் கையெழுத்தாக ஒப்புப் போடவேண்டும் என்று உத்தரவானது. அதற்கும் முட்டுக்கட்டை வந்தது. அந்தப் புத்தகத்தில் கைநாட்டு செல்லாது என்றார் ஹெட்கிளார்க் ஆறுமுகநயினார். தம்பி தொட்டான், தொடாத நர்ஸ் ஒப்புப் போட்டாள். அந்த வரியே வேண்டாம், விட்டுத் தொலை என்று நான் கத்தினேன்.

“தொட்டவன் ஒப்பு இல்லேன்னா, நாளைக்கு யாரும் தொடாமலே ஒப்புப் போடுவாங்க அக்கா,” என்றான்.

நாற்பத்தொரு வயதில் ஸ்லேட்டு வாங்கி வந்தான். ஏழு மாதம் எழுதி எழுதி அழித்தான். ‘ஜ’ மட்டும் படியவே இல்லை. அந்தக் கோணல் ‘ஜ’வோடு ஆபரேஷன் புத்தகத்தில் என் தம்பி முதல் ஒப்புப் போட்டது 1938 மார்ச் 9, புதன்கிழமை.