எலிக்கு உடைத்த தேங்காய்

மக்களே, அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் தெரியாதது இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடக் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டு எழுதினேன். மேலிருந்து மாம்பழம் விழும்; மவுஸை நகர்த்திக் கூடையில் பிடிக்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடக்கூடிய லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, வைத்துச் செய்தது. என் மெஷினில் விண்டோஸ்; கூடை சொன்னபடி கேட்டது. பள்ளிக்கூடங்களிலோ லினக்ஸ்; சோதிக்க ஆபீஸில் ஒன்று இருந்தது. அதில் நான் கையை நிறுத்திய பிறகும் கூடை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பழமெல்லாம் தரையில்.

முதலாளி மலையாளி; வந்து பார்த்தார். "எடோ, இது மாங்கா பிடிக்கிற கேமோ, கூடையைத் துரத்துற கேமோ? நாளைக்கு டீச்சர்மார் வரும். சரியாயில்லெங்கில் நீ வேற ஜோலி நோக்கிக்கோ." இருந்த தற்காலிக வேலைக்கும் ஆபத்து.

நிரலை நான் சந்தேகிக்கவில்லை, நான் எழுதியதாயிற்றே. மவுஸின் வயிற்றைத் திறந்து, உருண்டையை எடுத்து சோப்புப் போட்டுக் கழுவினேன். பலன் இல்லை. உருண்டையோடு மவுஸையே குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு வேறு மாற்றினேன். அதுவும் அப்படியே. லைப்ரரி எழுதியவர்களைத் திட்டினேன். கடைசியில் தோன்றியது: எலி பிள்ளையாரின் வாகனம். வாகனத்தில் கோளாறு என்றால் உரியவரிடம்தானே போக வேண்டும்?

மதியம் ஒரு பைத் தேங்காயோடு கோயிலில் நின்றேன். ஒன்றை உடைப்பேன், கண்ணை மூடி நிதானமாகக் கும்பிடுவேன், அப்புறம் அடுத்தது. பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணா, எல்லாத்தையும் உடைச்சிட்டு ஒருமிச்சு கும்பிடுங்களேன். வரிசை ரோடு வரைக்கும் எத்தியாச்சு."

ஓங்கிய தேங்காயோடு அப்படியே நின்றுவிட்டேன். என் நிரல் செய்ததும் இதைத்தான். மவுஸின் ஒவ்வொரு அசைவும் ஒரு செய்தியாக வந்து வரிசையில் நிற்கும். நான் ஒன்றை எடுத்து, உடனே திரை முழுவதையும் வரைந்து, பிறகே அடுத்ததை எடுத்தேன். லினக்ஸ் மெஷினில் செய்திகள் மளமளவென்று வந்ததால் வரிசை நீண்டது. கூடை பாவம், எப்போதோ வந்த செய்தியைக் கேட்டு நடந்துகொண்டிருந்தது.

மிச்சத்தை உடைத்து, ஒருமிச்சு, ஒரே தடவையாகக் கும்பிட்டு ஓடினேன். 'செய்தி இருந்தால் எடு' என்றிருந்ததை 'இருக்கும்வரை எடு' என்று மாற்றி, எல்லாம் எடுத்த பிறகே திரையை வரைய வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. விழுந்த பழமெல்லாம் கூடையில். டீச்சர்கள் போனதும் முதலாளி கேட்டார்.

"ஜோலியைப் பிடிச்சுக்கிட்டியே. எந்தா செஞ்ச?"

"எல்லாம் ஒருமிச்சு உடைச்சிட்டு அப்புறம் கும்பிடணும் சார்."

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போய் உறங்கு."

எல்லோரும் போன பிறகு, குப்பைக்கூடையில் கிடந்த மவுஸை எடுத்தேன். சட்டை நுனியால் துடைத்து, உருண்டையை உள்ளே போட்டு மூடி, என் மெஷினிலேயே மாட்டினேன்.