மஞ்சள் வயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய மெஷின் ஏதாவது நின்றுபோனால் பென்னியைத்தான் கூப்பிடுவார்கள். தயாரித்த கம்பெனியே மூடிப்போய், சர்க்யூட் படம்கூட இல்லாத கார்டுகளைப் பொன்னேரியில் தன் வீட்டு முன்னறையில் வைத்துச் சரிசெய்து கொடுப்பவர் அவர்.

போன ஜூலையில் ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போனார். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் முப்பத்தைந்து வருஷத்துப் பவர் பிரஸ். ஆபரேட்டரின் கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை இறங்கவிடாமல் தடுக்கும் சென்சார் கார்டு கருகிக் கிடந்தது. அதிலிருந்த ஐ.சி. சிப் இப்போது எங்கும் தயாராவதில்லை.

"தேடிப் பாக்கணும் சார். பத்து நாளாவது ஆவும்," என்றார் பென்னி.

சூப்பர்வைசர் குப்புராஜ் கையைப் பிசைந்தார். "அதுவரிக்கும் சென்சார பைபாஸ் பண்ணி உட்டுடு பென்னி. லோடு போவலன்னா பேஜாராயிடும். நாங்க உஷாரா பாத்துக்கினு ஓட்டிக்கிறோம்."

பென்னி தயங்கினார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் வயரை வெட்டி இரண்டு முனைகளுக்கு நடுவே இறுக்கினார். சென்சார் தடுக்காமல் பிரஸ் ஓடியது.

பதினேழாம் நாள்தான், காயலான் கடைக் கார்டு ஒன்றில் அந்த ஐ.சி. கிடைத்தது. சரிசெய்த கார்டோடு அவர் போனபோது பிரஸ்ஸில் வேறு ஆள் நின்றிருந்தான். பழைய ஆபரேட்டர் லோகுவுக்கு நான்கு நாளைக்கு முன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. பென்னி வயரைப் பிடுங்கிவிட்டுக் கார்டை மாட்டினார். அங்கிருந்து நேராகச் சோழவரத்தில் லோகுவின் வீட்டுக்குப் போனார்.

"அந்த வயர நான்தான் போட்டேன், லோகு."

"தெரியும்ணே. நீ போடறப்போ நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். மெஷின் ஓடுதேன்னு எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

டீ கொண்டுவந்த லோகுவின் மனைவி ஜெனிபர், தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பென்னி அதை எடுக்கவில்லை.

விபத்துக்குக் காரணம் லோகுவின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பென்னி நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் சொன்னது, யார் செய்தது, எல்லாவற்றையும்.

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே," என்றார் குப்புராஜ்.

அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவரைக் கேட்டுக்குள் விடவில்லை. விபத்து வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போகிறார். லோகுவும் வருவான். இடது கையால் கையெழுத்துப் போட அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. பேப்பர் நழுவாமல் பென்னி ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார்.