பெரியப்பா மகன்

மன்னாரிலிருந்து அண்ணி போனில் அழைத்தபோது நான் மனுகாவ் பல் மருத்துவ நிலையத்தில், வரவேற்பு மேசையில் இருந்தேன். "அண்ணா போயிட்டாரடி" என்றார்.

விடுப்புப் படிவத்தில் இறந்தவரின் உறவு கேட்டிருந்தது. 'பிரதர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

சிறிது நேரத்தில் மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை என்று தேநீர் வேளையில் நான் ஒருமுறை சொல்லியிருந்தேனே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பொய் சொல்லிப் பிடிபட்டவள் போல எனக்கு முகம் சுட்டது. பெரியப்பாவின் மகன் என்றேன். அப்படியானால் கசின்தானே என்றார்.

சகோதரனுக்கு மூன்று நாள் விடுப்பு, கசினுக்கு ஒரு நாள். ஆனால் என்னை உறுத்தியது அந்தக் கணக்கில்லை. என் மாமி மகனும் ஆங்கிலத்தில் கசின்தான். அவனை நான் கட்டியிருக்கலாம். இவர் எனக்கு அண்ணன். டியூஷனுக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போவார். ஆமியின் சென்றிக் காவலரண் வந்ததும் இறங்கி, ஆமிக்காரருக்கும் எனக்கும் நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார். இதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

மேலாளர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். "எங்கள் மொழியிலும் அவர் உனக்குத் துங்கானேதான். கூடப் பிறந்தவனுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே சொல்" என்றார்.

நான் எழுதிய 'பிரதர்' என்பதை அவர் அடித்துத் திருத்தவில்லை. அண்ணனின் பெயரைக் கேட்டார். சொன்னேன். சரியாக வரும்வரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

அடக்கம் அங்கே காலையில், இங்கே பின்னேரம். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளுடைய ஆசிரியருக்கு 'அங்கிள் இறந்துவிட்டார்' என்று எழுதினேன். எந்த அங்கிள் என்று அவர் கேட்கவில்லை.

ஏவன்டேல் வீட்டுச் சோபாவில் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டியை மூடுமுன் அண்ணி கமராவை அண்ணனின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஹி வாஸ் மை மாமா, ரைட்?" என்றாள் மகள்.

"ஓம்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து, போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.