பெயர் கட்டாயமில்லை

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். பக்கத்திலிருந்த மில்லுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். ஆபீசில் கரண்ட் போனால் மில்லுக்கு நடந்துபோய், அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலையைத் தொடர்வோம். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போனாலும் எங்களுக்கு லீவு கிடையாது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பவானிக்காரி, என்னைவிடச் சின்னவள். டேட்டாபேஸுக்குள் போக ஒரு வரி கமாண்ட் அடிக்க வேண்டும். அதில் சர்வர் பெயரைக் கொடுக்காவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அமைத்துவைத்த சர்வருக்குப் போய்விடும். எங்கள் ஆபீசில் அது சோதனைக்கு வைத்திருந்த சர்வர். மில்லில் நிஜ சர்வர். எங்கள் கம்பெனி மேனுவலிலோ ‘பெயர் கட்டாயமில்லை’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எழுதிய புண்ணியவான் யாரோ. கரண்ட் போன ஒரு மத்தியானம் அவள் மில்லில் உட்கார்ந்து, ஆபீசில் அடிக்கும் அதே வரியை அடித்தாள். சோதனைப் பதிவுகள் என்று நினைத்துத் தொழிலாளர்களின் வருகைப்பதிவை மொத்தமாக அழித்துவிட்டாள்.

முதலாளி அவளை வீட்டில் இருக்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, மேனுவலில் அந்தப் பக்கத்தைத் தெளிவாகத் திருத்தி எழுதச் சொன்னார். ஓட்டை எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது, இனி அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார் என்று நம்பித்தான் எழுதினேன். பெயர் கொடுத்தால் எங்கே போகும், கொடுக்காவிட்டால் எங்கே போகும், இப்போது எந்த சர்வரில் இருக்கிறோம் என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் எழுதினேன்.

முதலாளி நிதானமாகப் படித்தார்.

“ரொம்பத் தெளிவா இருக்குதுங்க அம்மணி. இந்தப் பக்கம் மொதல்லயே இருந்துச்சுன்னு மில்லுல காட்டிப்போடலாம்.”

அப்படிக் காட்டினால் மேனுவலைப் படிக்காதது அவள் தப்பு என்று ஆகிவிடும், கம்பெனி பெயர் கெடாது என்று அவரே விளக்கமும் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. இடத்துக்கு வந்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

சில நாள் கழித்து, விட்டுப்போன குடையையும் டிபன் பாக்ஸையும் எடுக்க அவள் வந்தாள். மேஜையில் பைண்டு போட்டு வைத்திருந்த மேனுவலைப் புரட்டி, அந்தப் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“இத்தன தெளிவா எழுதியிருக்குதுங்க்கா. நாந்தான் பாக்காம உட்டுப்போட்டேன்.”